பயப்படாதே என்றால் போதுமா?

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மனப்பதற்றம். இலங்கைத் தமிழர்கள் இதற்குப் பதகளிப்பு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொல்லும்போதே நெஞ்சு தடதடப்பது போல ஒலிக்கும் சொல் அது. நம் வீடுகளில் படபடப்பு என்போம், வயிற்றைக் கலக்குகிறது என்போம், மனசு ஒரு நிலையில் இல்லை என்போம். எப்படிச் சொன்னாலும், கேட்ட மறுகணம் நம் வாயிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: பயப்படாதே. தேர்வுக்குப் புறப்படும் பிள்ளையிடம் சொல்கிறோம், பயப்படாதே. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாயிடம் சொல்கிறோம், பயப்படாதே. வேலை போய் வந்து நிற்கும் தம்பியிடமும் அதையேதான் சொல்கிறோம். அன்போடுதான் சொல்கிறோம், ஐயமில்லை. ஆனால் எப்படி என்று என்றைக்காவது சொல்லித் தந்திருக்கிறோமா? கிணற்றில் விழுந்து தத்தளிப்பவனைப் பார்த்து, மேட்டில் நின்றுகொண்டு, மூழ்காதே, மூழ்காதே என்று கூவினால் அவன் கரையேறி விடுவானா?

நீச்சல் தெரியாதவனை நாம் கோழை என்று சொல்வதில்லை. அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்கிறோம். அச்சத்திலும் துயரத்திலும் தத்தளிப்பவனை மட்டும் மன உறுதி இல்லாதவன் என்று ஏன் சொல்கிறோம்? அந்த ஏன் என்ற கேள்விக்குத்தான் இன்று விடை தேடப் போகிறோம். வேதனையான உணர்ச்சிகளைத் தாங்கிக் கடப்பது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறன். கற்றுத் தர ஆளும் முறையும் வேண்டும், பழக நாளும் வேண்டும். இதுதான் என் வாதம். இதற்குச் சான்று உண்டா? உண்டு. நூறு ஆண்டுச் சான்று உண்டு.

1924-ஆம் ஆண்டு, நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் உளவியலாளர் ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் அவனுக்குப் பீட்டர் என்று பெயர். அவரிடம் வந்தபோது மூன்று வயது நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். முயலோடு நிற்கவில்லை; மென்மயிர்க் கோட்டைக் கண்டால் பயம், இறகைக் கண்டால் பயம், பஞ்சைக் கண்டாலும் பயம். ஜோன்ஸ் அவனிடம் பயப்படாதே என்று சொல்லவில்லை, முயல் கடிக்காது என்று விளக்கவும் இல்லை. முயலுக்கு அஞ்சாத மூன்று குழந்தைகளை அவனோடு விளையாட விட்டார். விளையாட்டின் நடுவே நாள்தோறும் முயலை அறைக்குள் கொண்டுவந்தார். முதலில் அறையில் முயல் இருந்தாலே அழுத பிள்ளை, கூண்டுக்குள் இருந்தால் பொறுத்துக்கொண்டான். பிறகு சற்று அருகில் வந்தாலும் பொறுத்துக்கொண்டான். நாள் செல்லச் செல்ல இடைவெளி சுருங்கியது. இந்தச் சிறுவனின் கதை இத்தோடு முடியவில்லை. நடுவில் ஒரு பெரிய சறுக்கல் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பயத்தைத் துரத்தவில்லை, பயத்திலிருந்து ஓடவும் விடவில்லை. தாங்கக்கூடிய தூரத்தில் அதன் எதிரே இருக்கப் பழக்கினார்.

ஏன் ஓடக்கூடாது? இங்கேதான் நம் இயல்பறிவு நம்மை ஏமாற்றுகிறது. ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். பேருந்தில் போகும்போது ஒருநாள் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவோம் என்றே தோன்றுகிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி விடுகிறார். இறங்கியதும் உடல் ஆறுகிறது. மருத்துவர் பார்த்து இதயத்தில் ஒன்றும் இல்லை என்கிறார். மறுநாள் பேருந்து வந்து நின்றதும் நேற்றைய நினைவு வருகிறது. ஏறாமல் வீட்டுக்குத் திரும்புகிறார். அப்பாடா! அந்த அப்பாடாதான் நோயின் உணவு. தப்பித்தோம் என்ற நிம்மதி, தப்பிப்பதையே உடலுக்குப் பழக்கிக் கொடுக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மவுரர் 1947-இலேயே இதை விளக்கினார். இன்று பேருந்தை விட்டவர், அடுத்த மாதம் சந்தையை விடுகிறார். அதற்கடுத்து கல்யாண வீட்டை விடுகிறார். ஒரு வருடத்தில் தெருவையே விட்டுவிடுகிறார். ஏறினால் என்ன ஆகியிருக்கும் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்காமல் போகிறது. ஏறியிருந்தால் படபடப்பு உச்சிக்குப் போய், சிறிது நேரம் நின்று, தானே இறங்கியிருக்கும். அலை எவ்வளவு உயர்ந்தாலும் இறங்கத்தான் வேண்டும் என்பதை உடல் தானே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கும்.

சரி, உடலால் ஓட வேண்டாம், மனத்தால் ஓடலாமே, அதை நினைக்காமல் இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் டெக்சாஸ் மாநிலத்தில் சில மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொன்னார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்ற மாணவர்களைவிட, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத கரடிக்கே இந்த நிலை என்றால், தேர்வில் தோற்ற நினைவையும் இறந்துபோனவரின் கடைசி முகத்தையும் நினைக்காதே என்று கட்டளையிட்டு விரட்ட முடியுமா?

ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது என்றால் என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் மார்ஷா லினஹன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரில் 1943-இல் பிறந்தவர். 1961-இல், பதினேழு வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். தாங்க முடியாத வேதனையில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வார், சாக விரும்பினார். மருந்துகள் கொடுத்தார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், தனி அறையில் அடைத்து வைத்தார்கள். இரண்டு ஆண்டுக்கும் மேல் அங்கே கழிந்தது. வெளியே வந்தவர் படித்தார், உளவியலாளர் ஆனார், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். எந்த நோயாளிகளைத் தேடிப் போனார் தெரியுமா? தன்னைப் போன்றவர்களை. உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் கொந்தளிப்பவர்களை, தற்கொலைக்கு மீண்டும் மீண்டும் முயன்றவர்களை, இவர்களைக் குணப்படுத்த முடியாது என்று பல மருத்துவர்கள் கைவிட்டவர்களை. தன் இளமைக் கதையை அவர் பொதுவில் சொன்னது 2011-இல்; அதே மருத்துவமனையின் அரங்கில் நின்று சொன்னார். அப்போது அவருக்கு வயது 68.

அவர் முதலில் செய்தது, நடத்தையை மாற்றும் சிகிச்சை. இதை மாற்று, அதை மாற்று என்றார். நோயாளிகள் கொதித்தார்கள்: என் வேதனை உங்களுக்குப் புரியவில்லை, எல்லாம் என் தவறு என்கிறீர்கள். அப்படியா, சரி என்று முழுக்க ஆறுதல் பக்கம் போனார். உன் வேதனை நியாயம்தான், உன் நிலையில் யாராக இருந்தாலும் இப்படித்தான் துடிப்பார்கள் என்றார். அதுவும் பயன்படவில்லை: அப்படியானால் நான் இப்படியே சாக வேண்டியதுதானா என்று கேட்டார்கள். இரண்டும் தோற்ற இடத்தில்தான் அவருக்கு வழி தெரிந்தது. இருக்கும் நிலையை உள்ளபடி ஏற்பது, அதே நேரத்தில் மாற்றத்துக்கு உழைப்பது. முரண்பட்டவை போலத் தோன்றும் இரண்டையும் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. என்று அவர் பெயரிட்ட சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். ஏற்கும் பக்கத்தை அவர் ஜென் தியானத்திலிருந்து எடுத்துக்கொண்டார். மாற்றும் பக்கத்தை ஆய்வுக்கூட உளவியலிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான் இன்றைய பேச்சுக்கு மிக முக்கியமானது. வாரம் ஒருமுறை வகுப்பு. ஆம், வகுப்பு என்றேதான் நடத்துகிறார்கள். குழுவாக உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள், பயிற்சி செய்கிறார்கள், வீட்டுப்பாடம் எடுத்துப் போகிறார்கள், மறுவாரம் வந்து ஒப்பிக்கிறார்கள். இந்தக் கணத்தில் நடப்பதைக் கவனிப்பது, நெருக்கடியை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியை அறிந்து கையாள்வது, உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டியதைக் கேட்பது, மறுக்க வேண்டியதை மறுப்பது. இவைதான் பாடங்கள். அப்படியானால் சிகிச்சையில் வேலை செய்வது எது? அன்பான மருத்துவரோடு தனியாகப் பேசுவதா, இந்த வகுப்பா? லினஹனும் அவர் குழுவினரும் அதையே சோதித்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு அது. தற்கொலை அபாயம் மிகுந்த 99 பெண்கள், மூன்று பிரிவுகள், ஓராண்டுச் சிகிச்சை. முழுச் சிகிச்சையும் ஒரு பிரிவுக்கு; பெரும்பாலும் வகுப்பே ஒரு பிரிவுக்கு; வகுப்பு இல்லாமல் தனிச் சிகிச்சை மட்டும் ஒரு பிரிவுக்கு. மூன்று பிரிவிலும் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும், மனச்சோர்வும், பதற்றமும் அந்த ஆண்டில் அதிகமாகக் குறைந்தது வகுப்பு இருந்த இரண்டு பிரிவுகளில்தான். இவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் என்று உலகம் முத்திரை குத்திய பெண்கள், நண்பர்களே. அவர்களுக்கு இல்லாமல் போனது உறுதியா, பாடமா?

அந்தப் பாடங்களில் ஓரிரண்டைத் திறந்து பார்ப்போம். முதல் பாடம், பெயர் சொல்வது. கேட்டால் சிரிப்பீர்கள், பெயர் சொன்னால் துயரம் போய்விடுமா? 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிலந்திக்கு அஞ்சும் 88 பேரை உயிருள்ள பெரிய சிலந்தியின் அருகே கொண்டுபோனார்கள். ஒரு குழுவினர் தம் பயத்தை வாய்விட்டு, பெயர் சொல்லி, இந்த அருவருப்பான சிலந்தி என்மேல் பாயும் என்று நடுங்குகிறேன் என்பது போலச் சொன்னார்கள். இன்னொரு குழுவினர் இது ஒன்றும் செய்யாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்கள். வேறொரு குழுவினர் பேச்சைத் திசை திருப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் சிலந்தியின் முன் நின்றபோது, பயத்தைப் பெயர் சொல்லி அழைத்தவர்களின் உடல்தான் குறைவாகப் பதறியது. நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக வகுத்தது. ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் சொன்னது. அச்சம் அணங்கால் வரலாம், விலங்கால் வரலாம், கள்வரால் வரலாம், தன் இறைவனாகிய அரசனாலும் வரலாம். இலக்கியத்துக்காகச் செய்த பகுப்புதான், மருத்துவத்துக்காக அல்ல. ஆனாலும், எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளிடம், அது அச்சமா, வெட்கமா, கோபமா, எதனால் வந்தது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் தொலைந்து போனது ஏன் என்று நான் கேட்கிறேன்.

அடுத்த பாடம், உணர்ச்சி இழுக்கும் திசைக்கு எதிர்த் திசையில் நடப்பது. ஒவ்வொரு உணர்ச்சியும் ஒரு செயலை நோக்கி நம்மைத் தள்ளுகிறது. அச்சம் விலகச் சொல்கிறது, வெட்கம் முகத்தை மறைக்கச் சொல்கிறது, துயரம் போர்வைக்குள் சுருளச் சொல்கிறது. அந்த உணர்ச்சி நடப்புக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால், அது சொல்வதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். அரைமனதாகச் செய்யாமல் முழுதாகச் செய்ய வேண்டும். பேருந்தில் ஏறுவது, நிமிர்ந்து உட்காருவது, பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்ப்பது. உணர்ச்சி மாறட்டும் என்று காத்திருக்காமல், செயலை மாற்றி உணர்ச்சியைப் பின்னால் வரச் செய்வது. இனி, எதையும் யோசிக்கவே முடியாத உச்சக் கொந்தளிப்பு வந்தால்? அப்போது அறிவோடு பேசிப் பயனில்லை, உடலோடுதான் பேச வேண்டும். மூச்சை அடக்கி முகத்தைச் சில நொடிகள் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், நீரில் மூழ்கும் உயிரினங்களுக்கு உள்ள அனிச்சைச் செயல் நம்மிலும் தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறைகிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. எல்லாரும் செய்யக்கூடியது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி மெதுவாக மூச்சு விடுவது. இதனால் துயரத்தின் காரணம் தீராது. அடுத்த அரைமணி நேரத்தில் திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாமல் இருக்க உதவும். அந்த அரைமணி நேரம் ஓர் உயிரின் விலையாக இருக்கலாம்.

இப்போது உங்கள் மனத்தில் எழும் மறுப்புகளுக்கு வருகிறேன். எங்கள் பாட்டிமார் எந்த வகுப்புக்குப் போனார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வாழவில்லையா என்கிறீர்கள். வாழ்ந்தார்கள், ஆனால் பல்லைக் கடிப்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் அருவருப்பூட்டும் படத்தைக் காட்டி, உணர்ச்சி முகத்தில் தெரியாமல் பாருங்கள் என்றார்கள். முகம் அமைதியானது. உள்ளே இருந்த அருவருப்போ குறையவில்லை. வியர்வையிலும் இரத்த நாளங்களிலும் பரபரப்பு கூடியது. வெளியே கல்லாக நின்றவர்கள் உள்ளே கூடுதலாக வெந்தார்கள். நம் பாட்டிமாரின் பொறுமையை வணங்குகிறேன். அவர்கள் கொடுத்த விலையை நம் பேத்திகளும் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பசியால் வந்த துயரத்துக்கு மூச்சுப் பயிற்சியா? கடன்காரன் வாசலில் நிற்கும்போது உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதா? அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் தந்திரம்தானே இது? நியாயமான கேள்வி. அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக வறுமையை வைத்தவர் தொல்காப்பியர். அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: அடிக்கும் கணவனுக்கு அஞ்சும் பெண்ணின் அச்சம் நடப்புக்கு முற்றிலும் பொருந்தும் அச்சம். அவளுக்கு அமைதியாக மூச்சு விடக் கற்றுக் கொடுத்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது சிகிச்சை ஆகாது, குற்றம். அந்த அச்சம் சொல்வதைக் கேட்டு வெளியேறத்தான் அவளுக்குத் துணை வேண்டும். வறுமைக்கும் இதே நியாயம்தான். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், மருத்துவர்களுக்கு எங்கே போவது என்ற நிலையில், 2006-இல் பதினான்கு பாட்டிமாரை அழைத்துப் பயிற்சி கொடுத்தார். மருத்துவ நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு, அதில் ஒரு பாட்டி. அவர்கள் நோய்க்கு ஆங்கிலப் பெயர் சொல்லவில்லை. ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்றார்கள், அளவுக்கு மீறி நினைப்பது என்று பொருள். பாட்டி கேட்பார்: உன் பிரச்சினைகள் என்னென்ன? எல்லாவற்றையும் சொல். இவற்றில் முதலில் எதைத் தொடுவோம்? அதற்கு நாளைக் காலை என்ன செய்யலாம்? வாடகைப் பாக்கியும் வேலையின்மையும் அந்த பெஞ்சில் பேசப்பட்டன. 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் அமர்ந்தவர்களில் ஏழில் ஒருவரிடமே இருந்தன. பதறிய மனத்தால் கடன் கணக்கைக்கூடச் சரியாகப் போட முடியாது. மனம் சற்று நின்ற பிறகுதான் கை வேலை செய்கிறது, வாய் நியாயம் கேட்கிறது.

ஆப்பிரிக்காவில் நடந்தது இங்கே நடக்குமா என்று கேட்டால், கோவாவைப் பாருங்கள். விக்ரம் படேல் என்ற மனநல ஆய்வாளரும் அவர் தோழர்களும், மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் பேச வைத்தார்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். செயலை மாற்று, மனம் பின்னால் வரும் என்ற அதே பாடம். 2017-இல் வெளிவந்த முடிவில், அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 விழுக்காட்டினர் மீண்டிருந்தார்கள்; கிடைக்காதவர்களில் 39 விழுக்காடு. யாழ்ப்பாணத்தில் போரால் நொந்த மக்களிடையே பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சியையும் ஜபத்தையும் மக்களுக்குப் பழகிய வடிவிலேயே மனநலச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். இது அன்னியச் சரக்கு என்ற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. மருந்து வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. மருந்து தேவைப்படுவோருக்கு மருந்து வேண்டும். இந்தியாவில் 14416 என்ற எண்ணை அழைத்தால் டெலி மானஸ் சேவையில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கடன் வாங்கத் தயங்காத நாம் இந்த எண்ணை அழைக்கத் தயங்குகிறோம்.

கடைசியாக ஒரு மறுப்பு: கற்றுக்கொண்டேன், பழகினேன், ஆனால் மறுபடியும் அதே பயம் வந்துவிட்டதே, இதெல்லாம் வீண்தானே? பாதியில் விட்ட பீட்டரிடம் வருகிறேன். முயலின் அருகே வரப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுக்குச் செங்காய்ச்சல் வந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். தேறி, செவிலியோடு வண்டி ஏறப் போகும்போது பெரிய நாய் ஒன்று அவர்கள்மேல் பாய்ந்தது. திரும்பி வந்த பிள்ளை பழையபடி முயலைக் கண்டு அலறினான். இத்தனை நாள் உழைப்பும் அழிந்தது போல இருந்தது. மேரி கவர் ஜோன்ஸ் அவனை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, பிடித்த தின்பண்டத்தைக் கையில் கொடுத்தார். முயலைக் கம்பிக்கூண்டில் வைத்து, சாப்பிடுவது நின்றுவிடாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த முறை சற்று அருகே. அதற்கடுத்த முறை இன்னும் சற்று அருகே. எங்காவது அழுதால் முயலைப் பின்னுக்கு நகர்த்தி, மறுபடி தொடங்கினார். கட்டுரையின் முடிவுப் பகுதியில் பீட்டர் முயலோடு தனியாக விளையாடுகிறான். தன் விரல்களை அது கொறிக்கும்படி நீட்டிக்கொண்டிருக்கிறான்.